தண்ணீர் போகும் வழியில் மனை: வேலூர் வளர்ந்த விதம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2021 நவம்பர் மழையில் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. மழை விட்டது, தண்ணீர் வடியவில்லை. நாள்கணக்கில் கோயிலுக்குள்ளேயே நின்றது. மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டியவர்கள் விவரமானவர்கள். அகழிக்குச் சூரியகுளத்திலிருந்து பூமிக்கடியில் தண்ணீர் வர வழி வைத்தார்கள். மிஞ்சியது வெளியேறிப் பாலாற்றுப் பக்கம் போகவும் வழி வைத்தார்கள். அந்த வெளியேறும் வழிதான் அடைபட்டுக் கிடந்தது. அதன் மேலேயும் பக்கத்திலேயும் ஊர் வளர்ந்துவிட்டது.

அகழியை யாரும் கவனிக்காமல் விட்டதால் வந்த வினை என்று சொல்லிவிட முடியாது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 33 கோடி ரூபாய்க்கு அகழியைத் தூர்வாரும் வேலையை எடுத்திருந்தார்கள். தண்ணீர் நிற்கிற இடத்துக்குப் பணம் வந்தது. தண்ணீர் போகிற வழி எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

நகரங்கள் மூச்சுமுட்டப் பெருகும்போதெல்லாம் ‘திட்டமிட்ட பசுமை நகரம்’ என்றொரு மருந்தை எடுத்து நீட்டுகிறார்கள். காலி நிலத்தில் புதிதாகக் கட்டு, சூரியசக்தி வை, சைக்கிள் பாதை போடு, மரம் நடு. வேலூரை வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இங்கே பசுமை நகரம் உருவாவதும் கெடுவதும் மனைப்பிரிவுக்குக் கையெழுத்துப் போடுகிற மேசையில்தான். தண்ணீர் போகும் வழியை அங்கே விட்டுவிட்டால், பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் பூச்சுவேலைதான் மிஞ்சும்.

ஊர் பெருத்த கதை

வேலூர் 1866இல் நகராட்சி, 2008 ஆகஸ்டில் மாநகராட்சி. 2011இல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம், சேண்பாக்கம், கொணவட்டம் என்று சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு 60 வார்டு, ஏறக்குறைய 88 சதுர கிலோமீட்டர் என்று விரிந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் நகரவாசிகள். பெரிய மாநிலங்களில் இதுதான் அதிகம்.

தாளில் ஊர் விரிந்தது 2011இல். நிலத்தில் அது எப்போதோ விரிந்துவிட்டது. 1900இல் சிறிய மருத்துவமனையாகத் தொடங்கிய சி.எம்.சி.க்கு இன்று வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகள் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். பாபுராவ் தெரு, காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். 1984இல் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகம் காட்பாடிப் பக்கத்தையே மாற்றிவிட்டது. சென்னைக்கு 140 கிலோமீட்டர் சுமார், பெங்களூருக்கு 210. நாலு வழிச்சாலை வந்தபின் இரண்டு பக்கமும் சம்பாதிப்பவர்கள் சொந்த வீட்டை இங்கே கட்டிக்கொள்ளலாம் என்று வந்தார்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனி ஆட்சியர் அலுவலகம் வந்தது. 2022இல் சி.எம்.சி. ராணிப்பேட்டைப் பக்கம் புது வளாகம் திறந்தது. ஊர் இப்போது கிழக்கே நகர்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது நிலத்தின் அமைப்பு. வேலூரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். குன்றடியில் ஏரிகள். நடுவில் பாலாறு. கர்நாடகத்தில் பிறந்து மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். பெரும்பாலான மாதங்களில் அது மணல்தான். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் அளவு மழை கிடைக்கிறது. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்வதில்லை. வெறும் பாறையில் விழுந்த மழை சட்டென்று கீழே இறங்கிவிடும்.

இதற்காகத்தான் வடஆற்காட்டில் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். ஓர் ஏரி நிரம்பினால், கரையில் தண்ணீர் வழிவதற்கென்று வைத்த கலங்கல் வழியாகக் கோடி போகும், அதாவது மிஞ்சியது வழிந்து வெளியேறும். அந்தக் கோடித் தண்ணீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. கடைசி ஏரி ஆற்றில் விடும். ஏரி கோடி போனால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பூஜை போட்டு, கிடா வெட்டிக் கொண்டாடுகிறார்கள். காட்பாடியில் மட்டும் அதே சேதி வயிற்றில் புளியைக் கரைக்கிறது. 2021இல் கழிஞ்சூர் ஏரி கோடி போனபோது வி.ஜி.ராவ் நகர்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. அதே பருவத்தில் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் பாலாற்று வெள்ளத்தில் உடைந்தது. டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னை ஆற்று ரயில் பாலம் பழுதாகிச் சென்னை – காட்பாடி ரயில்கள் ரத்தாயின. 1903க்குப் பிறகு பாலாற்றில் இத்தனை தண்ணீர் வந்ததில்லை என்றார்கள். அதனால் ஊர்க்காரர்கள் எளிதாகச் சொல்லிக்கொண்டார்கள்: நூறு வருசத்துக்கு ஒரு தடவை வர்றதுக்கு என்ன செய்ய முடியும்?

ஆற்று வெள்ளத்துக்கு இந்தச் சமாதானம் பொருந்தலாம். ஏரிக்குப் பொருந்தாது. ஏரி கோடி போவது நூறு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற அதிசயம் அல்ல. ஏரியை அதற்காகத்தான் கலங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கால்வாய் எப்படிக் காணாமல் போகிறது

இந்த ஆய்வின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏரியையே மடக்கிப் பிளாட் போட்டுவிட்டார்கள் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அப்படியும் நடந்திருக்கிறது. அதைத் தடுக்க 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. நீதிமன்றங்களும் விடுவதில்லை. ஏரி பெரியது, கண்ணுக்குத் தெரியும், பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கும். ஆகவே சண்டை போட முடியும்.

கால்வாயின் கதை வேறு. காட்பாடிப் பக்கம் ஒரு மனைப்பிரிவு, பெயர் வேண்டாம். அதன் பழைய புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, எடுத்துப் பார்த்தால் வயலின் குறுக்கே ஒரு ஜோடிக் கோடு வளைந்து போகும். அதற்குத் தனி சர்வே எண் கிடையாது. அந்த வயல்காரரின் பட்டாவுக்குள்ளேயே ஓடுகிற கால்வாய் அது. விவசாயம் நடந்தவரை ஏரித் தண்ணீரைப் பிரித்துவிடுகிற நீர்க்கட்டி வருசாவருசம் ஆள் வைத்து வெட்டிவிட்டார். கீழ்வயல்காரர் மேல்வயல்காரரோடு சண்டை போட்டாவது அதைத் திறந்து வைத்திருந்தார். கிணறு வற்றியது, விவசாயம் நின்றது, நீர்க்கட்டிக்கு வேலையில்லை. நாலைந்து வறட்சி ஆண்டில் கால்வாய் வெறும் பள்ளமாகி, வேலிக்காத்தான் முளைத்து, பிறகு மண் அடித்துச் சமமாயிற்று. கல் நட்டபோது அங்கே கால்வாய் இருந்ததற்கான அடையாளமே இல்லை. மாட்டுவண்டி போகிற அகலத்தில் இருந்த தண்ணீர்வழி, மனைப்பிரிவு வரைபடத்தில் தெருவோரச் சாக்கடையாக இளைத்துவிட்டது.

இதில் குற்றவாளி யார்? பட்டா நிலம், ஆக்கிரமிப்பு இல்லை. வில்லங்கச் சான்றில் எதுவும் வராது. வாங்குகிறவர் பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் வாங்குகிறார். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்: “அது கால்வாங்க. ஏரி கோடி போனா இதுலதான் வரும்.” மனை பார்க்க வந்தவர்கள் மாசியிலும் சித்திரையிலும் வந்தார்கள். காய்ந்த தரையைப் பார்த்தால் யார் நம்புவார்?

‘பார்க்’ என்று விடுகிற இடத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக உள்ள நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் கொடுக்க முடியாவிட்டால் பணமாகக் கட்டிவிடலாம். விதி நல்ல விதிதான். ஆனால் அந்தப் பத்து சதவீதம் எங்கே வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் மனை போடுகிறவரே தீர்மானிக்கிறார். விலை போகாத மூலை, ஹைடென்ஷன் கம்பிக்குக் கீழ், கோணல் துண்டு. கால்வாய் ஓடிய பாதையோடு அந்தத் திறந்தவெளியைப் பொருத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு ரூபாய் அரசுச் செலவில்லை. பக்கத்து மனைப்பிரிவும் அப்படியே விட்டால் தண்ணீருக்கு ஒரு தொடர்ச்சி கிடைக்கும், நடக்கவும் நிழலாக ஒரு பாதை கிடைக்கும். பசுமை நகரத்துக்கு வெளிநாட்டு வல்லுநர்கள் வரைந்து தருகிற ‘நீல-பச்சைப் பாதை’ இதுதான்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது பெரிய திருப்பம். அதுவரை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் வயலில் கல் நட்டு விற்றுவிட முடிந்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன: 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் போட்டவற்றுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம், நீர்நிலையில் இருப்பவற்றுக்குக் கிடையாது. பதிவேட்டில் நீர்நிலை என்று இருந்தால்தான் இந்தத் தடை. மேலே சொன்ன பட்டாக் கால்வாய் அதில் சிக்காது. வரன்முறைக் கட்டணம் கட்டிய மனைகள் சட்டப்படி சுத்தமாகிவிட்டன, தண்ணீர் மட்டும் பழைய வழியிலேயே வருகிறது.

நிர்வாகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. நிலம் வருவாய்த்துறைக்கு, மனைப்பிரிவு நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு (டி.டி.சி.பி.), தெருச் சாக்கடை மாநகராட்சிக்கு. கலங்கலிலிருந்து ஆறு வரைக்கும் உள்ள வழி முழுவதும் ஒருவருடைய பொறுப்பில் இல்லை.

ஸ்மார்ட் சிட்டி பணம் எங்கே போனது

2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி இயக்கத்தில் வேலூர் 2016 செப்டம்பரில் இடம்பிடித்தது. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி, மாநிலம் அதே அளவு என்பது கணக்கு. இயக்கத்தின் வழிகாட்டுதலில் மூன்று வழிகள் இருந்தன: இருக்கிற பகுதியைச் சீர்செய்வது (500 ஏக்கருக்கு மேல்), இடித்துக் கட்டுவது (50 ஏக்கருக்கு மேல்), காலி நிலத்தில் புதிதாக எழுப்புவது (250 ஏக்கருக்கு மேல்). பெரும்பாலான நகரங்கள் முதல் வழியைத்தான் பிடித்துக்கொண்டன, வேலூரும் அப்படித்தான். விளைவுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. புதிய பேருந்து நிலையம் சுமார் 53 கோடியில் எழும்பி 2022 ஜூனில் திறக்கப்பட்டது. ரோடு, மழைநீர்க் கால்வாய், கோட்டை அகழி, ஏரிக்கரை என்று பல வேலைகள் நடந்தன. குறை மட்டுமே சொல்வது நியாயமில்லை. பழைய பேருந்து நிலையத்தில் வெயிலில் நின்றவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அதே 2022இல்தான் காளிகாம்பாள் கோயில் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது. இரண்டு மாதம் கழித்துச் சத்துவாச்சாரியில் அடிபம்பையும் சேர்த்துக் கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டார்கள். ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. வேலை செய்கிறவர் கண்ணுக்கு முன்னால் நிற்கிற பைக்கே தெரியாதபோது, நூறு வருசத்துக்கு முன் புலப்படத்தில் வரைந்த கோடு எப்படித் தெரியும்? ஒப்பந்தப்படி இத்தனை மீட்டர் நீளம் போட்டாயிற்று என்று அளந்து பில் போடுகிற முறையில், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே சேர்கிறது என்று கேட்கிற வரி கிடையாது. ஊருக்குள் ஓடும் நிக்கல்சன் கால்வாயை எத்தனை முறை தூர்வாரினாலும் மேலே புதுத் தெருக்கள் அதிகத் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருந்தால் அது என்ன செய்யும்?

குப்பையில் மட்டும் நடந்தது

வேலூர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியது குப்பை மேலாண்மை. சதுப்பேரி ஏரியோரம் பல ஆண்டுகள் கொட்டிவந்தார்கள். அதை நிறுத்தி, வார்டிலேயே தரம்பிரித்து, மக்குவதை உரமாக்கி, மற்றதை விற்கிற முறைக்கு மாநகராட்சி மாறியது. இந்த முறையை வேலூரில் வளர்த்தெடுத்த சி. சீனிவாசன் பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் அதைக் கொண்டுபோனார். தள்ளுவண்டியோடு வருகிற பெண்களிடம் ஈரக்குப்பையைத் தனியாகக் கொடுக்காவிட்டால் வாங்காமல் போவதும் உண்டு. எல்லாத் தெருவிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. பாலாற்றுக் கரையில் இன்றும் எரிகிற குப்பையைப் பார்க்கலாம்.

இது ஓரளவு பலித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மையம், சில தெருக்கள், பொறுப்புக்கு ஆட்கள். குப்பை வராவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரியும். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறைகிணறு இறக்கி, கல்லால் தடுப்பணை கட்டி நிலத்தடி நீரை மீட்டதும் இதே மாதிரிதான். ஆற்றின் நீளத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஆட்கள் இருந்தார்கள். மழைநீர் வழிக்கு அப்படி யாரும் இல்லை.

புது நகரமே கட்டிவிடலாமா

அபுதாபியின் மஸ்தார் நகரம் 50,000 பேருக்கு என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. முடிக்கும் ஆண்டு தள்ளிக்கொண்டே போயிற்று. தென்கொரியாவின் சோங்டோ, கடலோரச் சேற்றுநிலத்தைத் தூர்த்து எழுப்பிய ‘பசுமை’ நகரம். அந்தச் சேற்றில் இரைதேடிய பறவைகளுக்குக் கிடைத்தது என்ன என்பது தனிக் கதை. நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968இல் தொடங்கி, 50,000 பேர் இலக்கு வைத்து, இன்றும் சில ஆயிரம் பேர்தான். வறண்ட செம்மண்ணைக் காடாக்கியதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் நகரம் வந்து சேரவில்லை. மக்கள் வேலையையும் சொந்தபந்தத்தையும் பார்த்துத்தான் குடிபோகிறார்கள். சூரியத் தகட்டைப் பார்த்து அல்ல.

தமிழ்நாடு 2025 பட்ஜெட்டில் சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் உலகத்தரத்தில் ஒரு நகரம் என்று அறிவித்திருக்கிறது. அது எப்படியோ அமையட்டும். வேலூர்ப் பக்கம் உண்மையான நெருக்கடி பனப்பாக்கத்தில் வரப்போகிறது. ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் அரசின் தொழிற்பூங்காவான சிப்காட்டில் டாடா நிறுவனத்தின் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. ஐயாயிரம் பேர் வேலைக்கு வந்தால் அவர்களை நம்பி ஓட்டல், கடை, வாடகை வீடு, பள்ளிக்கூடம் என்று பல மடங்கு ஆட்கள் வருவார்கள். சிப்காட்டின் வேலிக்குள் எல்லாம் வரைபடப்படி இருக்கும். வேலிக்கு வெளியே மனை போர்டுகள்தான் நகரத்தை வரையும். காவேரிப்பாக்கம் ஏரி இருக்கிற பகுதி இது, சுற்றிலும் ஏரிச் சங்கிலி.

ஆகவே அங்கே மனைப்பிரிவு விண்ணப்பங்கள் குவிவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிவரை பழைய புலப்படங்களை ஒட்டிப்போட்டு, பட்டாவுக்குள் ஓடும் கால்வாய்கள் உட்பட, ஒரே படமாக்கி ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டுவது. நீர்க்கட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு சர்வேயர் ஒருமுறை நடந்தால் படத்தில் இல்லாததும் கிடைக்கும். அனுமதிக் கோப்பில் அந்தப் படத்தின் நகல் இருந்தாக வேண்டும், திறந்தவெளி அந்தக் கோட்டின்மேல்தான் வரவேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சின்ன விவசாயிக்கு, தன் நிலத்தின் குறுக்கே கால்வாய்க் கோடு விழுந்தால் விற்கும் மதிப்பே போய்விடும். கோடு விழாத பக்கத்து நிலத்துக்காரர் லட்சாதிபதியாவார். மகள் கல்யாணத்துக்கு நிலத்தை நம்பியிருப்பவரிடம் ‘ஊர் நன்மைக்கு விடு’ என்றால் அவர் ஏன் கேட்பார்? கட்டட விதிகளில் டி.டி.ஆர். என்கிற வளர்ச்சி உரிமைச் சான்று இருக்கிறது. சாலைக்கு நிலம் விட்டவர், அதற்கு ஈடாக வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமையை வாங்கிக்கொள்ளவோ விற்கவோ முடியும். அதைக் கால்வாய்க்கும் கொடுக்கலாம். ஆனால் கிராமத்து விவசாயிக்கு அந்தச் சான்றை வாங்க ஆள் எங்கே? சென்னையில் அடுக்குமாடி கட்டுகிறவருக்குத்தான் அது தேவைப்படும். மாவட்டத்துக்குள்ளேயே, சிப்காட்டை ஒட்டி மாடிக்கட்டடம் கட்டுகிறவர்கள் அந்தச் சான்றை வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயம் வைத்தால் சந்தை உண்டாகும். இல்லையென்றால் கோடு போட்ட நிலத்துக்கு அரசே வழிகாட்டி மதிப்பில் பணம் கொடுத்து வாங்கிவிட வேண்டும். பனப்பாக்கத்தைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. வாங்குவதானால் போர்டு நடுவதற்கு முன்னால் வாங்க வேண்டும்.